விண்டோஸ் புதிதாகப் போட்டதும் தலைகீழாக நின்ற லேப்டாப்

சர்வீஸ் கடையிலிருந்து வந்த அக்கா மகளின் லேப்டாப் முன்பைவிட வேகமாகத்தான் ஓடியது. ஆனால் திரை தலைகீழாக நின்றது. விரலால் தொட்டால் எந்த அசைவும் இல்லை, ஸ்பீக்கரில் சத்தமும் இல்லை. கேட்டதற்கு, "விண்டோஸ் நல்லாத்தான் ஏறியிருக்கு. டச் பேனல் போயிருச்சு, மாத்தணும்" என்றார்களாம். பேனலுக்குச் சொன்ன விலை, மிஷின் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தார்.

நான் ரிப்பேர் தொழிலில் இல்லை. ஒரு நூல் மில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்கே பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் நெட் போனாலும் என் தலையில்தான் வந்து விழும். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது இது: நேற்றுவரை வேலை செய்த டச், விண்டோஸ் மாற்றிய அன்றே செத்துப்போனால் முதலில் டிரைவரைத்தான் (ஒரு சாமானை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லித்தரும் மென்பொருள்) சந்தேகப்பட வேண்டும். கண்ணாடி அப்புறம்.

மிஷின் 11.6 அங்குலத் திரை கொண்டது. 360 டிகிரி மடங்கும் கீல். உள்ளே இன்டெல் செலரான் என்4000, 4 ஜிபி ரேம், போர்டிலேயே பற்றவைத்த 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். கல்லூரியில் சேர்ந்தபோது ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கியது. பாடக் குறிப்பு எழுத, படம் வரைய, படம் பார்க்க இது போதும். அப்டேட் மேல் அப்டேட் ஏறி 64 ஜிபியும் நிரம்பிப்போனதால்தான் கடைக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். கடையில் டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்து, ரெக்கவரி பகுதியையும் அழித்து, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 போட்டுவிட்டு, கடைசியில் ஏதோ டிரைவர் பேக் ஒன்றையும் ஓட்டியிருந்தார்கள்.

சாதாரண லேப்டாப்பில் இது பெரிய தப்பில்லை. அதில் பிசிஐ, யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும் சாமான் ஒவ்வொன்றும் "நான் இன்னார், என் கம்பெனி இது, என் எண் இது" என்று தானே சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் அதைக் கேட்டு, தன்னிடம் இருக்கும் டிரைவரைப் போடும், இல்லையென்றால் நெட்டில் இறக்கிக்கொள்ளும். மலிவு விலை மடக்கு லேப்டாப்புகளில் பெரும்பாலும் கதை வேறு. வெளியே லேப்டாப், உள்ளே டேப்லெட். டச் சிப், திரை சாய்வதைப் பார்க்கும் சென்சார், ஆடியோ சிப் எல்லாம் ஐ2சி என்ற இரண்டு கம்பிப் பாதையில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாதையில் இருக்கும் சிப் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளாது. "இந்த முகவரியில் இந்தச் சிப் இருக்கிறது" என்று பயாஸில் (மிஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு பட்டியல் எழுதியிருப்பார்கள், விண்டோஸ் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. சிப் இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் தெரியும். அதை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள், மேலே இருக்கும் கண்ணாடியின் அளவு என்ன என்பதெல்லாம் அந்தப் போர்டை அசெம்பிள் செய்தவருக்கே தெரியும். அவர் கொடுத்த டிரைவர் கோப்புறைக்குள்தான் அந்த விவரம் இருக்கும். அதனால் இந்த வகை மிஷினில் அந்தக் கோப்புறை, சார்ஜரைப் போல, மிஷினோடு சேர்ந்த ஒரு பாகம். சிப் கம்பெனியின் பொது டிரைவர் அதற்கு ஈடாகாது.

முதலில் பார்த்தது, பழைய விண்டோஸின் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று. ஃபார்மட் செய்யாமல் பழையதன் மேலேயே புதிதாகப் போட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல் ரெபாசிட்டரி என்று வரிசையாக உள்ளே போனால் பழைய டிரைவர்கள் அத்தனையும் அப்படியே கிடைக்கும். மிஷினில் உள்ள சாமான்களைப் பட்டியலிடும் 'டிவைஸ் மேனேஜர்' என்ற விண்டோஸ் பகுதியில் அந்தக் கோப்புறையைக் காட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும் என்பதால் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, டிஸ்க் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், ஆச்சரியம், கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு டிரைவர் இருந்தது. டிரைவர் பேக்குகளில் எனக்குப் பிடிக்காததே இதுதான். சிப்பின் பெயர் ஒத்துப்போனால் போதும் என்று வேறு ஏதோ கம்பெனி மிஷினுக்கு எழுதிய டிரைவரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். முக்கோணம் மறைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். சாய்வு சென்சாருக்குப் போட்டிருந்த டிரைவரின் விவரத்தைப் பார்த்தேன். அது ஒரு பத்து அங்குல டேப்லெட்டுக்கானது. அந்த டேப்லெட்டில் சிப் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறது, இதில் வேறு பக்கமாக. சென்சார் 'மேலே' என்று சொல்வதை விண்டோஸ் 'கீழே' என்று புரிந்துகொண்டது. லேப்டாப்பைக் கூடாரம்போல மடக்கி நிறுத்தினால் திரை நேராகத் தெரிந்தது, ஆனால் கீபோர்ட் பின்பக்கம் போய்விட்டது. அக்கா மகள் இரண்டு நாளாக அப்படித்தான் படம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்த நிலையில் ஒட்டியதை ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதைவிட மறுபடி புதிதாகப் போடுவது மேல் என்று தோன்றியது. மிஷினில் இழக்க ஒன்றும் இல்லை. விண்டோஸ் கீயைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கம்பெனியே விண்டோஸ் போட்டுக் கொடுத்த மிஷின்களில் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கும், அதே எடிஷனைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்தேன். யுஎஸ்பி மவுஸ் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டச்பேடும் இதே ஐ2சி பாதையில் இருக்கும் மிஷின்களில், இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் அது அசையாமல் கிடக்கலாம்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அடுத்தது. விண்டோஸ் 11 ஹோம், முதல்முறை அமைக்கும்போது நெட் கேட்டு நின்றுவிடும். வைஃபை டிரைவர் இன்னும் இல்லாததால் பட்டியல் காலியாக இருக்கும். நெட் இருந்தால்தான் டிரைவர் வரும், டிரைவர் இருந்தால்தான் நெட் வரும். ஆண்ட்ராய்டு போன் கையில் இருந்தால் போதும். டேட்டா கேபிளால் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸுக்கு அதற்கான டிரைவர் கூடவே வருகிறது, போனை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கேபிள் வழியாகப் போகும், சிம் டேட்டா குறையாது. வெறும் சார்ஜிங் கேபிளாக இருந்தால் அந்த ஆப்ஷனே மங்கலாக இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

புது விண்டோஸ் மேலே வந்ததும் திரை நேராக இருந்தது. சென்சாருக்கு டிரைவரே இல்லாததால் திருப்பிவிட ஆளில்லை. பேனலில் கோளாறு இருக்கிறது என்று சொன்னதில் பாதி அங்கேயே அடிபட்டுப்போனது. விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, முடிந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தையும் பார்த்தேன். டிரைவர்களில் கொஞ்சம் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும், நாமாக டிக் செய்தால்தான் இறங்கும். வைஃபை, புளூடூத், கிராஃபிக்ஸ் மூன்றும் இப்படியே வந்துவிட்டன.

மிச்சம் நின்றவைதான் இந்த மிஷினின் சொந்தச் சரக்கு. டிவைஸ் மேனேஜரில் 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் 'அன்னோன் டிவைஸ்' என்று வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள். ஒவ்வொன்றையும் திறந்தால் 'கோட் 28', அதாவது டிரைவர் போடவில்லை. கோட் 10 வேறு. அது டிரைவர் இருந்தும் சாமான் கிளம்பவில்லை என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் அலைச்சல் குறையும். 28 என்றால் தேட வேண்டும். 10 என்றால் போட்ட டிரைவர் தப்பாக இருக்கலாம், அல்லது அதற்கு அடியில் இருக்கும் பாதை இன்னும் எழுந்திருக்கவில்லை.

பெயர் தெரியாத சாமானின் பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அதன் மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அங்கே உள்ள பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. பிசிஐ என்று தொடங்கினால் 'வென்' என்பதன் பின்னால் வருவது கம்பெனி எண், 'டெவ்' என்பதன் பின்னால் வருவது சாமான் எண். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். ஏசிபிஐ என்று தொடங்கினால் அது பயாஸ் பட்டியலிலிருந்து வந்தது. இந்த ஏசிபிஐ வகையில் எங்களுக்கு மிஞ்சியது நான்கு. எம்எஸ்எஸ்எல்1680 என்பது ஷாங்காய் நகரத்து சைலீட் கம்பெனியின் டச் சிப். கேஐஓஎக்ஸ்010ஏ, கேஐஓஎக்ஸ்020ஏ இரண்டும் கியோனிக்ஸ் சாய்வு சென்சார்கள். ஈஎஸ்எஸ்எக்ஸ்8336 என்பது எவரெஸ்ட் கம்பெனியின் ஆடியோ சிப். இந்த எண்களைத் தெரிந்துகொண்டுதான் தேட வேண்டும். "டச் வேலை செய்யவில்லை" என்று தேடினால் ஊர்ப்பட்ட பதில் வரும், ஒன்றும் உதவாது.

ஒரு எச்சரிக்கை. ஏசிபிஐ பட்டியலில் பெயர் இருப்பதை வைத்துச் சிப் உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிப் எரிந்துபோனாலும் பட்டியலில் பெயர் இருக்கும். டிரைவர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

டச், சென்சார் பக்கம் போவதற்கு முன் 'சிஸ்டம் டிவைசஸ்' பட்டியலில் இரண்டு விஷயத்தை உறுதி செய்துகொண்டேன். 'இன்டெல் சீரியல் ஐஓ ஐ2சி ஹோஸ்ட் கண்ட்ரோலர்' என்று சில வரிகள், 'சீரியல் ஐஓ ஜிபிஐஓ' என்று சில வரிகள், எதிலும் முக்கோணம் இல்லை. டச் சிப்புக்குப் போகும் பாதை இதுதான். இது எழுந்திருக்காமல் டச் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் கோட் 10 என்றுதான் வரும். உங்கள் மிஷினில் இவை முக்கோணத்தோடு நின்றால் முதலில் சிப்செட், சீரியல் ஐஓ இரண்டையும் போட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

இப்போது டிரைவருக்கு எங்கே போவது? கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இந்த மாடலுக்கான இடம் இருந்தது, அதில் டிரைவர் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் ஹார்ட்வேர் ஐடியைக் கொடுத்தே தேடலாம், இன்டெல், ரியல்டெக் சாமான்களுக்கு அது நல்ல இடம். ஆனால் டச்சுக்கும் சென்சாருக்கும் அங்கே கிடைப்பது வேறு யாருடைய மிஷினுக்கோ ஆனது, கடையில் செய்ததையே நானும் செய்ததாகும். கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு வைத்தேன். வெறும் மாடல் பெயரை மட்டும் எழுதவில்லை. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படம், சீரியல் நம்பர், பயாஸ் வெர்ஷன் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். விண்டோஸ் கீயோடு ஆர் தட்டி, எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் பயாஸ் வெர்ஷன் தெரியும்.

பதிலுக்குக் காத்திருந்தபோது அக்கா மகள்தான் வழி சொன்னாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அதே தள்ளுபடியில் அதே மாடலை வாங்கியிருந்தாள், அது இன்னும் ஃபார்மட் ஆகாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிஷினில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஒரே ஒரு கட்டளை. போனில் சொல்லிக்கொடுத்தபடியே இங்கும் எழுதுகிறேன்: டிஸம், இடம் விட்டு ஸ்லாஷ் ஆன்லைன், இடம் விட்டு ஸ்லாஷ் எக்ஸ்போர்ட் ஹைஃபன் டிரைவர், இடம் விட்டு ஸ்லாஷ் டெஸ்டினேஷன், முக்காற்புள்ளி, உடனே பென் டிரைவின் எழுத்தும் கோப்புறைப் பெயரும். அந்தப் பெயரில் காலிக் கோப்புறை ஒன்றை முன்பே உருவாக்கி வைத்துவிடுங்கள். விண்டோஸோடு வந்தவை தவிர, மற்ற கம்பெனிகள் போட்ட டிரைவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்புறையாக வந்து விழும். சில நிமிட வேலை. ஃபார்மட் செய்வதற்கு முன் யாராவது இதைச் செய்திருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காது.

பென் டிரைவ் வந்ததும், டிவைஸ் மேனேஜரில் முக்கோணத்தின் மேல் ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக், பென் டிரைவின் மேல் கோப்புறை. எந்த உட்கோப்புறையில் எது இருக்கிறது என்று நாம் தேட வேண்டாம், விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

ஆடியோ முதலில் பேசியது. இதில் அடுக்கு முக்கியம். இந்த மாதிரி மிஷின்களில் ஒலி, இன்டெல்லின் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் வழியாகத்தான் ஆடியோ சிப்புக்குப் போகிறது. முதலில் 'மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்' என்று நிற்கும் இன்டெல் பகுதி, அடுத்து எவரெஸ்ட் சிப். மாற்றிப் போட்டால் ஸ்பீக்கர் அடையாளத்தில் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே நிற்கும். ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் தானே சரியாகும், எல்லா நேரமும் இல்லை.

சென்சார்களும் வந்தன. திரையைச் சாய்த்தால் சரியான பக்கம் திரும்பியது. அப்புறம் டச் டிரைவரைப் போட்டு, வரைகிற ஆப்பைத் திறந்து கொடுத்தேன்.

"மாமா, நான் லெஃப்ட்ல தொட்டா ரைட்ல கோடு விழுது!"

அவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்ப்பக்கமாக விழுந்தாலும் கோடு விழுந்ததே, சிப் உயிரோடு இருக்கிறது, கண்ணாடி உயிரோடு இருக்கிறது, நடுவில் போகிற ரிப்பன் கேபிளும் சரியாக இருக்கிறது. பேனல் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அந்தக் கோட்டோடு முடிந்தது.

ஏன் எதிர்ப்பக்கம் விழுந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த டச் சிப்புக்கு நிரந்தர நினைவகம் கிடையாது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் டிரைவர் ஒரு ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஓடும் சின்ன மென்பொருளை, அதற்குள் ஏற்ற வேண்டும். கண்ணாடியில் எத்தனை கோடு, எந்த மூலை ஆரம்பம், அகலம் எவ்வளவு உயரம் எவ்வளவு எல்லாம் அந்த ஃபர்ம்வேரில்தான் இருக்கும். அதே சிப்பின் மேல் வேறு கண்ணாடியை ஒட்டினால் வேறு ஃபர்ம்வேர். லினக்ஸ் கெர்னலில்கூட இந்தச் சிப்புக்காக மிஷின் மிஷினாகப் பெயர் போட்டு ஒரு நீளமான பட்டியலே வைத்திருக்கிறார்கள். தோழியின் மிஷின் அதே பெயர், அதே நிறம், அதே விலைதான். ஆனால் கம்பெனி ஒரு பேட்ச்சுக்கு ஒரு பேனலும், அடுத்த பேட்ச்சுக்கு வேறு பேனலும் போட்டிருக்கிறது. இரண்டையும் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சீரியல் நம்பரின் முன்னெழுத்துகளே வேறாக இருந்தன.

இந்த இடத்தில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' போய் அளவு திருத்து என்று நிறையப் பேர் சொல்வார்கள். கொஞ்சம் தள்ளி விழுகிற புள்ளியைச் சரிசெய்ய அது உதவும். பக்கமே மாறி விழும்போது அதன் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அப்படியே ஒப்பேற்றினாலும் திரையைத் திருப்பும்போது என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

நல்ல காலம், கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. இறக்கிக்கொள்ள ஒரு லிங்க், அதற்குள் ஒரு ஜிப். விரித்தால் டச் என்ற கோப்புறைக்குள் மூன்று உட்கோப்புறைகள், ஒவ்வொன்றின் பெயரிலும் பயாஸ் வெர்ஷனில் வருகிற எழுத்துகள். எங்களுடையதோடு ஒத்துப்போன கோப்புறையை எடுத்தேன். உள்ளே டிரைவரோடு, எஃப்டபிள்யூ என்று முடியும் ஃபர்ம்வேர் கோப்பும் இருந்தது. பழையதை எடுக்கும்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' என்று கொடுத்தால், டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சின்ன டிக் பெட்டி வரும். அதைக் கண்டிப்பாக டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் கிடங்கில் இருக்கும் அதே தப்பான டிரைவரை மறுபடி எடுத்து ஒட்டிவிடும். புதியதைப் போட்ட பிறகு வெறும் ஷட் டவுன் போதாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருப்பதால் அது அரைத்தூக்கம்தான். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். திரும்ப ஆன் செய்தபோது தொட்ட இடத்தில் கோடு விழுந்தது. அவள் தன் பெயரை எழுதிப் பார்த்தாள், திரையின் நான்கு மூலையிலும் புள்ளி வைத்துப் பார்த்தாள். அந்த நான்கு மூலைச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் மட்டும் தள்ளி விழுந்தால் ஃபர்ம்வேர் இன்னும் பொருந்தவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். டிவைஸ் மேனேஜர் பளிச்சென்று இருந்தது. ஆனால் மிஷினைப் பின்பக்கம் முழுதாக மடக்கி டேப்லெட்டாகக் கையில் பிடித்தால், அடியில் இருக்கும் கீபோர்டில் விரல் பட்டு எழுத்துகள் தாமாக விழுந்தன. முன்பெல்லாம் மடக்கியதும் கீபோர்ட் தானே அணைந்துவிடும் என்றாள்.

எனக்குப் புதிதாகத் தெரிய வந்தது இதுதான். இரண்டு சாய்வு சென்சார் என்று மேலே சொன்னேன் அல்லவா, 010ஏ திரைப் பக்கத்தில் இருப்பது, 020ஏ கீபோர்ட் பக்கத்தில் இருப்பது. இரண்டின் சாய்வையும் ஒப்பிட்டால் கீல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். அந்தக் கணக்கை டிரைவர் போடுவதில்லை. 'ஹிஞ்ச் ஆங்கிள் சர்வீஸ்' என்று தனியாக ஒரு சின்ன புரோகிராம் பின்னணியில் ஓடிக்கொண்டு, "மடக்கிவிட்டார்கள், கீபோர்டை அணை" என்று மிஷினுக்குச் சொல்கிறது. அது டிரைவர் இல்லை, அதனால் தோழியின் மிஷினிலிருந்து எடுத்த எக்ஸ்போர்ட்டில் அது வரவே இல்லை. கம்பெனியின் ஜிப்புக்குள் சென்சார் கோப்புறையிலேயே அதற்கான செட்அப் இருந்தது. ஓட்டினேன், மடக்கினால் கீபோர்ட் அணைந்தது. இந்த சர்வீஸ் இல்லாத நிலையில் நேர்மாறாகவும் நடக்கலாம். மிஷின் டேப்லெட் நிலையிலேயே விழித்துக்கொண்டால், லேப்டாப்பாக விரித்து வைத்த பிறகும் கீபோர்டும் டச்பேடும் செத்தது போலக் கிடக்கும். கீபோர்டை மாற்றச் சொல்லி யாராவது விலை சொல்வதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள்.

வேறு கம்பெனி மிஷின்களில் இந்த வேலையை இன்டெல்லின் 'விர்ச்சுவல் பட்டன்ஸ்' டிரைவர் செய்யும். ஹார்ட்வேர் ஐடியில் ஐஎன்டி33டி6 என்று இருக்கும். அது இல்லாவிட்டால், மடக்கினாலும் டேப்லெட் நிலைக்குப் போகாது.

தூக்கத்தில் பேட்டரி தீர்வதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். டிரைவர்கள் அரைகுறையாக இருந்த நாட்களில் மூடி வைத்தாலும் மிஷின் வெதுவெதுப்பாகவே இருந்தது, காலையில் சார்ஜ் பாதாளத்தில். இப்போதைய லேப்டாப்புகள் பல போனைப்போல அரைவிழிப்பில் தூங்குபவை. ஒரு சாமானுக்கு டிரைவர் சரியில்லாவிட்டாலும் மிஷின் முழுதாகத் தூங்க முடியாமல் போகலாம். எல்லாம் பொருந்திய பிறகு இந்தத் தொல்லை போய்விட்டது.

சில நாள் கழித்து ஒரு காலையில் போன். "மாமா, மறுபடி தலைகீழா நிக்குது." இரவோடு இரவாக விண்டோஸ் அப்டேட் சென்சாருக்குப் 'புதிய' டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தது. வெர்ஷன் நம்பர் பெரிதாக இருந்தால் அது நல்லது என்று அதற்கு ஒரு நம்பிக்கை. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சென்சாரின் பிராபர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழையதற்குத் திரும்பிவிடும். அதுவரை தலைகீழாகப் படிக்கத் தேவையில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷனை நேராக்கிவிட்டு, விண்டோஸ் கீயோடு ஓ தட்டினால் திரை திரும்புவது பூட்டிக்கொள்ளும். மறுபடி இப்படி ஆகாமலிருக்க 'டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து 'நோ' கொடுத்து வைத்தேன். பாதுகாப்பு அப்டேட்கள் வழக்கம்போல வரும், டிரைவர் மட்டும் தானாக இறங்குவது குறையும்.

எல்லாம் சரியான அன்றே அதே டிஸம் கட்டளையை இந்த மிஷினிலும் ஓட்டி, கம்பெனி ஜிப்பையும் சேர்த்து ஒரு பென் டிரைவிலும் அவளுடைய ஆன்லைன் டிரைவ் கணக்கிலும் போட்டாயிற்று. கோப்புறைப் பெயரில் மாடல் பெயரோடு பயாஸ் வெர்ஷனையும் எழுதியிருக்கிறேன். தோழிக்கும் அவளுடைய எக்ஸ்போர்ட்டைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். இரண்டையும் ஒரே கோப்புறையில் கலந்துவிட்டால் டச் மறுபடி இடம் வலமாகிவிடும்.

சரியாகாத ஒன்று இன்னும் இருக்கிறது. மடக்கிப் பிடித்திருக்கும்போது பக்கவாட்டில் உள்ள வால்யூம் பட்டன்கள் சில நேரம் இரண்டு தட்டலுக்கு ஒருமுறைதான் கேட்கின்றன. பட்டன் தட்டல்களைக் கவனிக்கும் இன்டெல் ஹெச்ஐடி ஈவென்ட் ஃபில்டர் டிரைவரை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. "ஸ்லைடரை விரலால் இழுத்துக்கொள்கிறேன், இதற்காக மறுபடி எதையும் கிளற வேண்டாம்" என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள்.